மூன்றாவது ஆணி

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது என் கத்தி.

அட்டை வேறு சொல்கிறது:
வணிகக் கத்தி. எஃகு, பீச் மரம். ஏறத்தாழ 1780.
தோல் வியாபாரிகள் கொண்டுவந்ததாகக் கருதப்படுகிறது.

கருதப்படுகிறது.
அந்தச் சொல்லை இரண்டு தடவை வாசித்தேன்.
வின்னிபெக்கிலிருந்து மூன்று மணி நேரம்
பனியில் ஓட்டி வந்தது
பழைய பிடியொன்றின் தடிமனை அளக்க.
கையில் காலிப்பர், காதில் பென்சில்,
பூட்ஸிலிருந்து உருகி வழியும் தண்ணீர்.

மூன்றாவது ஆணி
வரிசையை விட்டு ஒரு நூல் இறங்கியிருக்கிறது.
அதைத் துளையிடும்போது போன் அடித்தது. மார்ஸெலின்.
டிரக் எனக்கு, நாய் உனக்கு என்றான்.
சரி என்றேன்.
துரப்பணம் அதற்குள் சரிந்துவிட்டது.

குளம்பு ராவும் பழைய அரம் அது.
இரவெல்லாம் அடுப்புச் சாம்பலில் கிடந்து
காலையில் வெண்ணெய் மாதிரி அரத்துக்கு இசைந்தது.
காந்தம் ஒட்டாத சிவப்பு வந்ததும்
சூடான கனோலா எண்ணெயில் தோய்த்தேன்.
வீடு முழுக்க வறுத்த மீன் வாடை.
பிறகு சமையலறை அவனில்
முற்றிய வைக்கோல் நிறம் வரைக்கும்.
அந்த வாரம் நான் ரொட்டி சுடவில்லை.

வாங்கிய ஏப்ரம் டோவ்ஸ்
மரக்காலத்து உடுப்பணிந்து காட்டில் கூடாரம் போடுகிறவர்.
"உங்கள் முத்திரை வேண்டாம்,
அந்தக் காலத்தோடு ஒட்டாது" என்றார்.
அறுபது டாலர். ரசீது கேட்கவில்லை.

துருவை யார் ஏற்றினார்களோ.
வினிகர், கடுகு, ஒரு குளிர்காலம் தோட்டத்து மண்.
அது யாருக்கும் வரும்.
ஆனால் அலகு
பாதியாகத் தேய்ந்திருக்கிறது.
கல்லில் வைத்து வைத்து, நுனி மேல்நோக்கி ஏறி,
அடிவயிறு உள்ளே போய்.
யாரோ இதால் மூஸ் உரித்திருக்கிறார்கள்,
கயிறு, இறைச்சி, வில்லோக் கம்பு, மறுபடி இறைச்சி.
பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு வேலை!
எனக்கு, வெட்கமில்லாமல் சொல்கிறேன்,
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பக்கத்துப் பெட்டியில் நான் அளக்க வந்த கத்தி.
அசல்தான். ஆற்றுச் சேற்றின் கறுப்பு மரத்துக்குள் ஊறியிருக்கிறது.
அதன் இரண்டாவது ஆணியும் கோணல்.
எண்ணிக்கைக் கூலிக்கு அடித்த
ஷெஃபீல்டுக்காரனை
யார் கூப்பிட்டார்களோ.

பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள்.
சிவப்புத் தொப்பிக்காரி ஒருத்தி
என் கத்தியின் முன் நின்று கேட்டாள்:
"இது யாருடையது?"
ஆசிரியை அட்டையை வாசித்துக் காட்டினார்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்
காப்பாளர் கூட்டத்தில் இருக்கிறார் என்றாள்.
பென்சிலைக் காதிலிருந்து எடுத்தேன்.
பார்வையாளர் படிவத்தின் பின்பக்கம் எழுதினேன்:

ஆணித் தலைகளை ராவிவிட்டுத் தட்டுங்கள்,
மூன்றாவதை முதலில்.
மரத்தைச் சூடாக்க வேண்டாம், பிளந்துவிடும்.
வால் பாதிப் பிடி வரைக்கும்தான்,
நேராக இழுத்தால் வரும்.
இடப்பக்கம் பாருங்கள், ஓ. எல்.
ஒடில் லாவலே, தொலைபேசி எண் கீழே.

பிறகு, அடித்து எழுதி,
கத்தியைத் திரும்பப் பூட்ட
நானே வருகிறேன்.