இடவலம்

மகஜரில் நான் எழுதியது இவ்வளவுதான்:
செப்புத் தகடு ஒன்று, ஒரு சாண் நீளம்,
சென்னியப்பன் கொறங்காட்டில்
கிளுவை வேலிக்கு அடியில் தோண்டி எடுத்தது.
அதற்குள் செத்திருந்தவை ஆடுகள் பதினொன்று.

தகட்டில் ஒரு காளை. மனிதக் கண் அதற்கு.
திமில் இருக்கவேண்டிய இடத்தில்
பாதி திறந்த கதவு.
கீழே எழுத்து, எந்தப் பாஷையிலும் சேராமல்.
"கொல்லிமலை எழுத்துங்க ஏட்டய்யா" என்றான்
தகடு எடுக்க வந்தவன்.
அதைச் சொல்ல மூவாயிரம்.

தாராபுரம் சாலையில், ஓடாத எண்ணெய் ஆலையில்
துளசிமணி இருந்தார். ஐம்பது வயது, தனியாள்.
கதவு திறந்ததும் கான்ஸ்டபிள் பின்வாங்கினான்.
மெழுகுவத்திப் புகையில் கறுத்த தகடுகள்,
ஊசிகள், கண்ணாடித் தொட்டியில் நீலம் ஏறிய திராவகம்,
அதன் விளிம்பில் ஒரு கோழி இறகு.

"எறகு எதுக்கு?"
"குமிழி தள்ளங்க. செம்பைத் திராவகம் திங்கறப்ப
மூச்சு விடும். தள்ளாட்டிக்
கோடு புள்ளி புள்ளியாப் போயிரும்."

தகட்டை வாங்கி வெளிச்சத்துக்குச் சாய்த்தார்.
எட்டு வருடம் முன், சரியாக வரவில்லையென்று புதைத்தாராம்.
காடு அப்போது அவர்களுடையது.
"பழைய செம்புக் கடைக்குப் போட்டா
ஆரு ஊட்டுக் கொடத்துலயோ என்ற காளை இருக்குமுங்க."

சுவர்க் கண்ணாடிக்கு நேரே பிடித்தார்.
எழுத்து திரும்பி நின்றது:
துளசிமணி, காங்கயம்.
கான்ஸ்டபிள் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"இதையெல்லாம் நம்பறீங்களா?"
"நம்பறதில்லீங்க. பயப்படுவேன்.
பயமில்லாத கோடு ஆழமா எறங்காது.
மை போட்டுப் பாக்கறவங்களுக்கு அடுத்த ஊடு எங்களுது.
வெத்தலையில மையைத் தடவித்
தெரியுதா, தெரியுதான்னு ராத்திரியெல்லாம் கேப்பாங்க.
நானும் அதையேதான் கேக்கறேன், காயிதத்துக்கிட்ட."

நான் பேசவில்லை.
தம்பி காணாமல் போன வருடம்
காக்கியைக் கழற்றிவிட்டு
அப்படியொரு வெற்றிலை முன் உட்கார்ந்திருக்கிறேன்.
தெரியுதா?
கறுப்பு பளபளத்தது. அதில் என் மூக்கு.
அம்மா பக்கத்தில் இருந்தாள்.
"தெரியுது, ரயிலடியில நிக்கறான்" என்றேன்.
நாலு மாதம் அவள்
ஈரோடு சந்திப்புக்குப் போய்வந்தாள்.

"ஒருக்கா எடுத்துப் பாத்துட்டுமா?" என்றார் துளசிமணி.
சான்றுப் பொருளைத் தொடவிடக் கூடாது.
விட்டேன்.
மையை அப்பினார், துணியால் துடைத்தார்,
உள்ளங்கையால் இன்னொரு தரம் துடைத்தார்.
ஈரத் தாளைப் போர்த்தி
கரும்பு பிழிவதுபோல் உருளைக்குள் விட்டுச்
சக்கரத்தைச் சுற்றினார்.

தாளை உரித்தபோது
காளை மறுபக்கம் பார்த்து நின்றது.
எட்டு வருட மண்
செம்பைத் தன் இஷ்டத்துக்கு அரித்திருந்தது.
கதவுக்குள்ளே, முதுகு காட்டி ஒருவன்.
சட்டைக் காலர் ஒருபக்கம் மடங்கி.

"அது யாருங்க?"
"ஆருமில்லீங்க. நான் போட்டதில்லை.
மண்ணு தின்ன எடம்."

ஆடுகள் இளஞ்சோளம் மேய்ந்து செத்தன என்று
கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.
வழக்கு முடிந்தது. மூவாயிரம் திரும்பவில்லை.

மகஜரில் அந்தத் தாள் கிடையாது.
பீரோவில், சீருடைக்கு அடியில் இருக்கிறது.
அம்மாவிடம் காட்டவில்லை.
காலரைப் பார்த்ததும் கண்டுகொள்வாள்,
எந்த ஊர் என்று கேட்பாள்.
சொல்வதற்கு இன்னொரு ரயிலடி
என்னிடம் இல்லை.