வளைந்து போகும் வழி

ஹெல்சின்கி - டோக்கியோ
ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்.
பூமி ஒரு முழம்கூட நீளவில்லை.
ஒன்பதரை மணி நேரம் மட்டும்
பதின்மூன்றாகிவிட்டது:
நடுவிலிருக்கும் வானத்துக்குப் பூட்டு.

முப்பது வருடம் டிராம் ஓட்டியவள் நான்.
சுற்றுவழி என்றால் தண்டவாளத்துக்குப் புரியாது.
இப்போது கால்களுக்கிடையே நீலப் பெட்டி.
உள்ளே, நான்கு டிகிரிக் குளிரில்,
லாஹ்தியில் எவனோ கொடுத்த எலும்பு மஜ்ஜை.
ஆயுள் எழுபத்திரண்டு மணி நேரம்.
இருபத்தொன்று போய்விட்டது.

ஆறு மணி நேரம் முன்னே தள்ளுங்கள் என்றார்
பக்கத்து இருக்கைக்காரர், தன் கடிகாரத்தைத் திருகியபடி.
தள்ளவில்லை.
பெட்டிக்கு உள்ளூர் நேரம் கிடையாது.

துருவத்தின் மேலே, எல்லோரும் தூங்கும்போது,
பணிப்பெண் ஒரு சான்றிதழ் நீட்டினாள்.
வடதுருவம் கடந்தவர்:
புள்ளிக்கோட்டில், ஹில்க்கா வைனியோ.
இன்னொன்று கிடைக்குமா?
யாருக்கு?
கொடுத்தவன் பெயர் எனக்குத் தெரியாது.
வாங்குபவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.
குனிந்து பெட்டியைப் பார்த்தேன்.
அவள் கேட்காமல் தந்துவிட்டுப் போனாள்.

மருத்துவமனை வாசலில்
நர்ஸ் மொரியாசு மணியை எழுதினாள்,
என் கையெழுத்தை வாங்கினாள்,
மூடியில் ஒட்டியிருந்த வெற்றுக் காகிதத்தைப் பார்த்தாள்,
கிழிக்கவில்லை.
நடைவழி மூன்று இடத்தில் வளைந்தது.
ஓடினாள்.