எடை சரி

வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்கு இப்புறம்
எடைமேடையில் பதினோரு வருசம்.
லாரி ஏறும், எண் ஒளிரும், சீட்டுக் கிழிப்பேன்.
உள்ளே ஏதும் உடைந்திருக்கிறதா என்று
மேடை ஒருநாளும் சொன்னதில்லை.

இன்றைக்கு என் வாசலுக்கே வந்தது,
படுக்கப்போட்டபடி ஒரு ஃபிரிட்ஜ்.
மேலே பார்க்க வேண்டிய அம்புக்குறி இரண்டும்
மேற்கே கேரளத்தைப் பார்த்துக் கிடந்தன.

அட்டையைக் கிழித்தோம்.
முன்பக்கம் மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை.
பின்னால், கம்ப்ரசருக்கு ஒரு சாண் மேலே,
உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம்.
தொட்டால் விரலில் பிசுக்கு.
எண்ணெயா, வழி அழுக்கா,
மோந்து பார்த்தும் தெரியவில்லை.

சட்டையில் பிப்லப் என்று பெயர். அசாம் பையன்.
"ஓடிபி அண்ணா" என்றான்,
இன்னும் ஒன்பது வீடு பாக்கி அவனுக்கு.
நாலே நாலு எண், என் போனில்.
சொல்லிவிட்டால் பள்ளமும் எனக்குச் சொந்தம்.
சொல்லாவிட்டால் திரும்ப ஏற்றிக்கொள்வான்.
வேறொன்று வரப் பதினைந்து நாள்.

சாலைக்கு அந்தப்பக்கம் ஷீபா வீட்டில்,
அயிலை மீனுக்கும் மோருக்கும் நடுவே
ஒரு டப்பாவில் இருக்கிறது தர்ஷிகாவின் இன்சுலின்.
ஒன்பது வயசு.
பல் விளக்கியதும் மாநிலம் தாண்டிப் போய்
ஊசி போட்டுக்கொண்டு வருவாள்.
ஷீபா ஒருதடவை முகம் சுளித்ததில்லை.
மாற்றலாகிவிட்டது அவளுக்கு, தலச்சேரிக்கு.
வெள்ளிக்கிழமை மத்தியானம் சாமான் ஏற்றுகிறாள்.

சாந்தாமணி சொன்னாள்:
"துணி துவைக்கிற மெசினா இருந்தா
ஒடுங்குனது ஒடுங்கட்டும்னு வாங்கிப்போடலாமுங்க.
இதுக்குள்ள என்ன வைக்கப்போறோம்னு பாருங்க."
கொஞ்ச நேரம் கழித்து,
"திருப்பி அனுப்பிட்டு?
பதினஞ்சு நாளும் மண்பானைத் தண்ணியிலயா?"
இரண்டையும் அவளேதான் சொன்னாள்.

கடைக்காரன் போனில் அவசரத்தில் இருந்தான்.
"ஆறு மணி நேரம் நிக்கவெச்சுப் போடுங்க சார்.
ஓடுனா ஓடும்."
மொத்தமே ஐம்பது கிராம்தானாம் உள்ளே இருக்கிற கேஸ்.
என் மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே
எதுவுமே கணக்கில்லை.

கடைசியில் சீட்டை வாங்கி,
'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்பதை அடித்து
'பின்பக்கம் அடி, எண்ணெய்ப் பிசுக்கு' என்று எழுதினேன்.
சத்தம் கேட்டு வந்த ஷீபா
அதையே மலையாளத்தில் கீழே எழுதினாள்.
பிப்லப்புக்கு இரண்டும் வாசிக்கத் தெரியாது.
பள்ளத்தின் பக்கத்தில் தன் கட்டைவிரலை வைத்து
அளவு தெரியப் படம் எடுத்துக்கொண்டான்.
அதற்கப்புறம்தான் எண்ணைச் சொன்னேன்.

சாயங்காலம் முழுக்கக் கணவாய்க் காற்று
கதவைப் போட்டு அடித்தது.
சமையலறையில் அது நிமிர்ந்து நின்றது,
வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவனைப்போல.

இரவு ஒன்பதுக்கு சுவிட்சைப் போட்டோம்.
உள்ளே விளக்கு எரிந்தது. அதில் என்ன இருக்கிறது,
விளக்கு எதிலும்தான் எரியும்.
மகள் மேல்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள்.
உறைந்ததும் மேலே ஒரு ரூபாய் வைப்பாளாம்,
இடையில் உருகினால் முங்கிப்போய்க் காட்டிக்கொடுக்குமாம்.
பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்களாம்.
பத்து நிமிசத்துக்கு ஒருதரம் திறந்து பார்த்து
அம்மாவிடம் அடி வாங்கினாள்.

இரண்டு மணிக்கு உறுமல் நின்றது.
எழுந்து உட்கார்ந்தேன்.
சாந்தாமணியும் விழித்துத்தான் கிடந்தாள்.
எண்ண ஆரம்பித்தோம், வாய்க்குள்ளேயே.
எதிரே ஷீபா வீட்டு ஜன்னலில் வெளிச்சம்,
பாத்திரம் பொதியும் காகிதச் சத்தம்.
நானூற்றுப் பத்தில் மறுபடி தொடங்கியது.

வெள்ளிக்கு இன்னும் மூன்று காலை இருக்கிறது.