சேதாரம்

திருச்செங்கோட்டிலிருந்து பார்சல் லாரியில்
சாக்குச் சுற்றி வந்தது, முறிந்த ராடு.
ராய்ப்பூர் பக்கம் எங்கேயோ
ஆயிரத்து நூற்றுப் பத்தாம் அடியில் அறுந்ததாம்.
கூடவே முறியாத ஒன்று,
மீதி நாற்பத்திரண்டின் சார்பாக.

ரிக் முதலாளி செங்கோட்டுவேல் போனில்:
"மிச்சமிருக்கிற ராடெல்லாம்
இன்னும் எத்தனை அடி தாங்குமுங்க?
ஒரு நம்பர் சொல்லீட்டீங்கன்னா
வண்டியக் கெளப்பீருவேன்."

குறிச்சி சிட்கோவில்,
பவர் பிரஸ் அதிர்ச்சியில் ஜன்னல் நடுங்கும் எங்கள் சோதனைக்கூடம்.
அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு: சேதம்.
பூஜ்யம் என்றால் புதுசு, ஒன்று என்றால் முறிவு.
நடுவில் கிடப்பதை எதை வைத்து அளப்பது
என்பதில்தான் என் சம்பளம் ஓடுகிறது.

ஓட்டிய அடிக்கணக்கை எடுக்கலாமா?
அது டிரில்லரின் நோட்டில் இருக்கிறது.
இரும்புக்கு நோட்டு படிக்கத் தெரியாது.
கருங்கல்லில் நூறு அடியும்
செம்மண்ணில் நூறு அடியும்
அதற்கு ஒரே நூறு அல்ல.

கோணலை எடுக்கலாமா?
முறியாத ராடு இரண்டு மில்லிமீட்டர் கோணியிருக்கிறது.
திரும்பி வராத திரிபு, வாஸ்தவம்தான்.
ஆனால் கோணியதெல்லாம் கெட்டதா என்ன?
அணுக்கள் வரிசை வரிசையாக வழுக்கி
வேறிடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.
கைப்பிடியை விடவில்லை.
சொல்லப்போனால்
முன்பைவிடக் கொஞ்சம் இறுகியே இருக்கும்.

விரிசலின் நீளம்?
அது கண்ணுக்குத் தெரிகிற நாளில்
என் கணக்குக்கு வேலை முடிந்திருக்கும்.

ஒரு துண்டு கடைந்து எந்திரத்தில் பூட்டி
இழுத்தேன். விட்டேன். மறுபடி இழுத்தேன்.
இழுக்கும்போது இரும்பு வீறாப்பாகத்தான் இருக்கும்.
விடும்போது பார்க்க வேண்டும்,
இறங்கி வரும் கோட்டின் சரிவை.
முதல் சுற்றில் இருநூற்று ஆறு.
ஐந்தாம் சுற்றில் நூற்று எண்பத்தொன்று.
உள்ளே எங்கோ
ஊசிமுனைக்கும் சிறிய வெற்றிடங்கள்.
அங்கே சுமக்க ஆளில்லை.
மிஞ்சிய பரப்பு
இல்லாமல் போனவற்றின் பங்கையும் சேர்த்துத் தூக்குகிறது.
வெளியே அளந்தால் அதே குறுக்களவு.

ஆகவே இரண்டு மாறிகள் வைத்தேன்.
திரும்பாத நீட்சிக்கு ஒன்று,
திரும்பினாலும் இளைத்துப்போன மீட்சிக்கு ஒன்று.
ஒன்றின் பாவத்தை இன்னொன்றின் தலையில் எழுதக்கூடாது.
மாறி என்றுதான் பெயர்,
மாறியதைச் சொல்லும்.
எப்படி மாறியது என்று கேட்டால்
என்னைப் பார்க்கும்.

"அமுக்கிப் பாருங்களேன்" என்றாள் ஜமீலா.
அமுக்கினோம்.
இருநூற்று நான்கு!
விரிசலின் உதடுகள் ஒட்டிக்கொண்டு
வீட்டில் ஒன்றுமே நடக்காதது போல.
பாரம் மேலே இருக்கும்வரை சௌக்கியம்.
ராடு அறுந்தது இறக்கும்போது அல்ல,
மேலே உருவும்போது.

போனில் சொன்னேன்:
ஒற்றை எண்ணில் அடங்காதுங்க,
எந்தப் பக்கம் என்றும் சொல்ல வேண்டும்.
"அட, நகைக்கடைக்காரன் சேதாரத்துக்கு
ஒத்த நம்பர்தானுங்க போடறான்?"
சிரித்தேன். அவரும்.

அறுந்தப்போ மேடையில யாருங்க நின்னது?

"சுக்ராம்னு ஒரு பையன், பஸ்தர்க்காரன்.
தோள்பட்டையில லேசா அடி.
கட்டு அவுத்தாச்சுங்க. நல்லாத் தூக்கறான்."

தூக்குகிறான்.
இறக்கும்போது பார்த்தீர்களா என்று கேட்க
வாயெடுத்தேன்,
அந்தப் பக்கம் கம்ப்ரஸர் கிளம்பிவிட்டது.

கட்டத்தில் எழுதினேன்: 0.12.
பக்கத்தில், இழுவையில் மட்டும்.
கட்டம் சின்னது.
'மட்டும்' கோட்டுக்கு வெளியே போயிற்று.