பதினான்கு வேற்றுமைகள்

நார்வாவில் நவம்பர்.
காலை எட்டரைக்கும் ஜன்னல் கறுப்பாகவே இருக்கிறது.
ஒன்பதாம் வகுப்பு. உராய்வு விசை.
இருபத்தாறு வருடம் ருஷ்ய மொழியில்
கண்ணை மூடிக்கொண்டு நடத்திய பாடம்.
இந்த வருடம் எஸ்தோனிய மொழியில் நடத்த வேண்டும்.

அம்மொழிக்குப் பதினான்கு வேற்றுமை.
என் நாக்குக்குப் பழக்கம் ஆறு.
மீதி எட்டும்
மேசைக்கும் கரும்பலகைக்கும் நடுவில்
எங்காவது காலை இடறிவிடும்.

கட்டை சரிவின் மேல் என்று சொல்ல வந்தவள்
சரிவுக்குள் என்றேன்.
"மேல்" என்றான் யெலிசேய்,
கையைத் தூக்காமல், தலையையும் தூக்காமல்.
வகுப்பு சிரித்தது.
போன வருடம் என்றால் ஒரு பார்வை போதும்.
பார்வைக்கும் இலக்கணம் உண்டு போலிருக்கிறது.

"மேல்" என்றேன் நானும்.
அழித்து எழுதும்போது சாக்பீஸ் கீச்சிட்டது.
இதுவும் உராய்வுதான் என்று சொல்லிவைத்தேன்,
விகுதியைப் பயந்து பயந்து.

பிறகு அவனைக் கூப்பிட்டேன்.
எந்தக் கோணத்தில் கட்டை நழுவும்? எழுது.
நாற்பத்தொரு பாகை என்று எழுதினான்,
ஓர் எழுத்துக்கூடப் பிசகாத வாக்கியத்தில்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பலகையைச் சாய்த்தேன்.
இருபத்தெட்டிலேயே வழுக்கி இறங்கி
அவன் காலணியில் முட்டி நின்றது கட்டை.
அதற்கு எங்கள் இரண்டு மொழியும் தெரியாது.

குனிந்து எடுத்தான். திரும்ப மேலே வைத்தான்.
"இன்னொரு தடவை, ரிம்மா அர்க்காத்யெவ்னா."
கேட்டது ருஷ்ய மொழியில்,
என் அப்பாவின் பெயரையும் சேர்த்து.
விதிப்படி அது என் காதில் விழக்கூடாது.
பலகையைச் சாய்த்தேன்.

மாலை ஆறு மணிக்கு அதே அறை.
கடைசி பெஞ்சில் நான்.
என் இடத்தில் மார்யா-லீஸ், வயது இருபத்தைந்து,
தலையில் இன்னும் பனித்தூள்.
கதவைச் சாத்தலாமா என்று
கை தூக்கிக் கேட்டேன்.
இரண்டு தடவை தப்பாக வந்தது.
அவள் காத்திருந்தாள்.
காத்திருப்பது நானும் அறிந்த வித்தைதான்.
இந்தப் பக்கத்திலிருந்து
அது இவ்வளவு நீளம் என்றுதான் தெரியாது.

மேசையில் பென்சில் படம்.
பெரிய கண்ணாடி, சின்னக் கழுத்து, கையில் கட்டை:
நானேதான்.
அடியில் எஸ்தோனிய மொழியில் ஒரு வரி.
யார் எழுதியது என்று கேட்கப்போவதில்லை.
ஆனால் ஒரு வேற்றுமை தப்பு.

மார்யா-லீஸிடம் வேறு ஏதோ வாக்கியத்தைச் சொல்லி
அது பத்தாவதா பதினொன்றாவதா என்று
உறுதி செய்துகொண்டேன்.
பிறகு சிவப்புப் பேனாவால்
அந்த விகுதியை மட்டும் திருத்தினேன்.