யார் காசு கொடுத்தது

ஒரு டப்பா கரித்துண்டுகள்,
'முப்பது உருவங்கள் வரைந்து வரவும்' என்றொரு தாள்,
இவற்றோடு விடுமுறைக்கு லாபிஸில் இறங்கினேன்.
மில் வாடை ரயிலடிவரை வந்து
என் பையை வாங்கிக்கொண்டது.

வீட்டில் எவரும் அசையாமல் உட்காருவதில்லை.
அப்பாவைப் பிடித்து வைத்தேன்.
மூன்றாம் நிமிடம் குறட்டை.
அம்மா, "மூக்கைச் சின்னதா போடு" என்றாள்.
தம்பி லோகேந்திரன் கைப்பேசியோடு ஒட்டிய ஒரே உருவம்,
விரல் எங்கே முடிகிறதென்று கரிக்கும் தெரியவில்லை.

கல்லூரியில் வரையும் கூடம் மேல்மாடி,
கலை வரலாறு கீழே, இருட்டறை.
மேலே கை கறுக்கும். கீழே கண் கூசும்.
நடுவில் பதினெட்டுப் படிகள்.

மிஸ் லியூ ஒவ்வொரு படத்தையும் சுவரில் ஏற்றிவிட்டு
ஒரே கேள்விதான் கேட்பார்:
"இதுக்கு யார் காசு கொடுத்தது?"
தேவதையின் நீல அங்கிக்கு ஒரு வட்டிக்காரர்.
மண்டியிட்ட ஞானிக்கு ஒரு கம்பளி வியாபாரி,
ஓரத்தில் பொடியாகக் கைகூப்பி நிற்பதும் அவரேதான்.
எங்களுக்கு யார் கொடுத்தது என்று
பின்வரிசையில் யாரோ கேட்க,
கல்விக் கடன் என்று எல்லோரும் சிரித்தோம்.
படிப்பு முடிந்ததும் மாதாமாதம்
நானும் ஒரு ஓரத்தில் கைகூப்பி நிற்பேன்.

கோடுகள் கூடும் மறைபுள்ளியைப் பற்றி
அவர் பாடம் எடுத்த அன்று நான் குறிப்பெடுக்கவில்லை.
செம்பனையை முக்கோணம் முக்கோணமாக நடுவார்கள்.
எந்தப் பக்கம் திரும்பினாலும்
ஒரு வரிசை திறந்து, ஒரு புள்ளியில் போய் மூடிக்கொள்ளும்.
ஆறு மறைபுள்ளிகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான்
என்று தேர்வில் எழுதினேன்.
'ஆதாரம்?' என்று சிவப்பில் திரும்பி வந்தது.

பதினோரு உருவங்களோடு நின்றுபோன மத்தியானம்
மில்லின் எடைமேடைக்கு நடந்தேன்.
லோரிகளின் வரிசை. ஒன்றின் உச்சியில்,
குலைகளின் மேல், ரொபியுல். என் வயதுதான்.
"பத்து நிமிஷம் அசையக் கூடாது" என்றேன், மலாயில்.
"சும்மா இருன்னு இந்த ஊர்ல
யாருமே எனக்குச் சொன்னதில்ல" என்றான்,
அவனும் மலாயில்.

முள் ஏறி வீங்கிய மணிக்கட்டு.
முட்டி கிழிந்த சிலுவார்.
வலது காலில் மட்டும் மஞ்சள் பூட்ஸ்,
இடது பூட்ஸ் தண்ணீர் வடியக் கவிழ்ந்து கிடந்தது.
கரி தானாக ஓடியது.
அந்த ஒரு வெறுங்காலுக்காகத்தான்
இத்தனை தூரம் வந்தேன் போலிருந்தது.

பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.
அம்மாவுக்கு அனுப்பணும் என்றான்.
பிறகு ஆரம்பித்தான்.
இன்னொரு பூட்ஸ் போடு. வேணாம், ரெண்டுக்கும் ஷூவே போடு.
சட்டைக்குக் காலர் வை.
கையில் கடிகாரம்.
மணி எத்தனை என்று கேட்டேன்.
"எங்க ஊர்ல இப்ப எத்தனையோ, அது."
பின்னால் பனை வேண்டாமாம், வீடு வேண்டுமாம்.
எந்த வீடு?
"கட்டப் போற வீடு."

இது கவனித்து வரையும் பாடம்,
இல்லாததைப் போட்டால் மார்க் போகும் என்றேன்.
ஐந்து வெள்ளி நோட்டை என் அட்டையில் வைத்து
பறக்காமலிருக்க
உதிர்ந்த பழமொன்றை அதன் மேல் வைத்தான்.

இருட்டறைக் கம்பளி வியாபாரியும்
தன் முட்டிக்கு அடியில் ஒரு பட்டு மெத்தை கேட்டிருப்பார்.
காலர் போட்டேன். ஷூவுக்கு நாடா கட்டினேன்.
வீட்டுக்கு இரண்டு ஜன்னல்.
"மூணு" என்றான்.

கல்லூரி திறந்ததும்
இருபத்தொன்பது தாள்களை எண்ணிய மிஸ் லியூ
முப்பதாவது எங்கே என்றார்.
விற்றுவிட்டேன் என்றேன்.
அவர் அடுத்து என்ன கேட்பார் என்று
வகுப்புக்கே தெரியும்.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.
எல்லாவற்றையும் மாற்றச் சொன்னவன்
மணிக்கட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.
கடிகாரத்தை அந்த வீக்கத்தின் மேல்தான் கட்ட வேண்டியிருந்தது.
பட்டையை
ஒரு துளை தளர்த்தி வரைந்தேன்.