ஏழுக்குக் கீழே எட்டு

பிளெவென் நகரில் டிராலி பஸ் ஓட்டுகிறேன்.
செவ்வாய்தோறும் ஷிஃப்ட் முடிந்து,
ஐம்பத்தொரு வயது முட்டிகளை
பள்ளிக்கூடப் பெஞ்சுக்குள் மடக்கி
தாளம் படிக்கக் கற்கிறேன்.

சொல்லித்தரும் தெனித்ஸாவுக்கு இருபத்தாறு.
பகலில் பல் மருத்துவரிடம் வேலை.
வாயைத் திறங்க என்கிற அதே குரலில்
"எண்ணுங்க வெலிச்கோ, சத்தமா."

காகிதத்தில் ஒற்றைக் கம்பி.
அதில் கருந்தலைகள், சில ஜோடியாய்,
விட்டம் போட்டு இணைத்தவை.
முகப்பில் ஏழு, அதன் கீழே எட்டு:
நடுக்கோடு போட மறந்த பின்னம்.
குட்டை, குட்டை, நெட்டை.
இரண்டு, இரண்டு, மூன்று.

அட, இது ராச்செனித்ஸா!
நடை பழகிய நாள்முதல் கைக்குட்டை வீசி
ஆடிக்கொண்டிருக்கிறேன்.
அது ஏழு என்று
ஒருவரும் சொன்னதில்லை.

தெரிந்ததுதான் வினையாயிற்று.
டிப்போ மெக்கானிக் பிளகோய் வீட்டுக் கல்யாணத்தில்
ஆடப் போனேன். உள்ளே எவனோ எண்ணினான்.
அந்தத் தாளத்தில் எட்டு என்று ஒன்று கிடையாது;
என் கால் மட்டும் அங்கே போய் நின்றது,
பெண்ணின் அத்தை செருப்பின் மேல்.
"யார் துரத்தினாங்க உன்னை?" என்று
வீடு வரும்வரை சிரித்தாள் கன்கா.

இரண்டு வாரம் தபான் மூலையில் கிடந்தது.
அதன் தோல்மீது
துவைத்த காலுறைகள் காய்ந்தன.

அப்புறம் ஒரு காலை. ஆலங்கட்டி மழை.
சந்தைத் திருப்பத்தில் கம்பியை விட்டு நழுவியது
பஸ்ஸின் கொம்பு.
மோட்டார் செத்தது. விளக்கு அணைந்தது.
முப்பது பேரும் மூச்சுவிடாமல் இருக்க
சக்கரங்கள் மட்டும் உருண்டுகொண்டே இருந்தன,
அதே வேகத்தில், ஓசையின்றி,
ரொட்டிக்கடை வாசல்வரை.

இறங்கினேன். கயிற்றை இழுத்துக்
கொம்பைக் கம்பியில் மாட்டினேன்.
கை விறைத்தது. வாய் மட்டும் தானாக
இரண்டு, இரண்டு, மூன்று என்றது.

நாலாவது வரியில் ஒரு குறி உண்டு,
ஏழைப் போலவே கொக்கி வளைந்தது.
அங்கே அடிக்கக் கூடாது.
இத்தனை நாள் அதைத்
தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாயன்று வலக்கையில் தடிக்கோல்,
இடக்கையில் மெல்லிய குச்சி.
அந்தக் கொக்கி வந்தபோது
இரு கையும் காற்றில் நின்றன;
நான் உருண்டுகொண்டிருந்தேன்.

தெனித்ஸா பாராட்டவில்லை.
விரலை நாக்கில் தொட்டுப்
பக்கத்தைத் திருப்பினாள்.
அடுத்த பாடத்தின் முகப்பில்
பதினொன்று.